‘இரும்பை’யில் எத்தனை எழுத்து?

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டினாற்போல் ஒரு சிற்றூர் இருக்கிறது. இரும்பை என்பது அதன் பெயர். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள பழைய ஊர் அது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கு நோக்கிப் போனால் மரக்காணத்தை அடையலாம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளைக் குவியல்களும் சதுரப் பாத்திகளுமாக உப்பளங்கள் தெரியும்.

நீங்கள் இரும்பையில் வசிக்கும் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். உப்பளத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றிப் பள்ளிக் கணிப்பொறியில் ஒரு கட்டுரை தட்டச்சு செய்கிறீர்கள். ‘எங்கள் ஊர் இரு’ என்பது வரை வந்தாயிற்று. உடனே திரையில் ஒரு சிறு பெட்டி திறக்கிறது. அதில் ‘இரும்பை’, ‘இரும்பு’, ‘இருப்பு’ என்று மூன்று சொற்கள் தெரிகின்றன. மீதியைத் தட்டும் வேலை மிச்சம் என்று மகிழ்ந்து, முதல் சொல்லைத் தேர்ந்தெடுத்து எண்டர் விசையை அழுத்துகிறீர்கள். திரையில் வந்து நிற்பது இதுதான்:

எங்களஇரும்பை

‘ஊர்’ என்ற சொல்லையே காணோம்! ‘எங்கள்’ என்பதன் கடைசிப் புள்ளியும் போய்விட்டது. நீங்கள் தவறாக எதையும் தட்டவில்லை. அப்படியானால் தவறு யாருடையது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படித் திருத்துவது? இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போவது அதைத்தான்.

கணிப்பொறி எப்படிச் சொல்லை முடித்துத் தருகிறது?

கணிப்பொறியில் எழுதவும் எழுதியதைத் திருத்தவும் உதவும் நிரலை டெக்ஸ்ட் எடிட்டர் என்பார்கள். நாம் சுருக்கமாக எடிட்டர் என்றே சொல்வோம். நாம் பாதி தட்டிய சொல்லை ஊகித்து முழுமையாக்கித் தருவது அதன் திறமைகளுள் ஒன்று. இது மந்திரம் அல்ல. மூன்றே படிகளில் நடக்கும் வேலை.

முதற்படி: எழுதும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போய், சொல் எங்கே தொடங்கியது என்று பார்க்கிறது. நம் எடுத்துக்காட்டில் ‘இரு’ என்பது கிடைக்கும். இதை முன்னொட்டு என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: தன்னிடமுள்ள சொற்பட்டியலில் அந்த முன்னொட்டோடு தொடங்கும் சொற்களைத் தேடுகிறது.

மூன்றாம் படி: நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், முன்னொட்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் முழுச்சொல்லை வைக்கிறது.

இவ்வளவு எளிய வேலையில் பிழை எங்கிருந்து வருகிறது? விடையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ‘இரும்பை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

ஒரு சொல், நான்கு கணக்கு

“இதுகூடத் தெரியாதா? இ, ரு, ம், பை. நான்கு எழுத்து” என்பீர்கள். தமிழாசிரியர் முழு மதிப்பெண் கொடுப்பார். ஆனால் உங்கள் விரல்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகை முறை உருவானது. உயிரெழுத்துகளுக்கு இடக்கைப் பக்கம், மெய்களுக்குப் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் விசைகள் உண்டு. அதில் ‘இரும்பை’யை இ, ர, உ, ம, ப, ஐ என்று தட்ட வேண்டும். மொத்தம் ஆறு விசைகள். ‘ம்’ மேலுள்ள புள்ளிக்கு விசையே தட்டவில்லை, கவனித்தீர்களா? மகரத்தை அடுத்துப் பகரம் வந்தால் முன்னதற்குத் தானே புள்ளி வைத்துவிடும்படி அந்த முறையை அமைத்திருக்கிறார்கள்.

கணிப்பொறியின் கணக்கு மூன்றாவது வகை. அதற்கு எழுத்து என்று ஒன்று கிடையாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு என்னும் முறையின் முதற்பதிப்பு 1991-ல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கினார்கள். நம்முடைய 247 எழுத்துகளும் 128 இடங்களில் எப்படி அடங்கும்? உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கவில்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்று பிரித்துவிட்டார்கள். அந்த முறையில் ‘இரும்பை’ இப்படிப் பதிவாகிறது:

இ – 2951
ர – 2992
உகரக் குறி – 3009
ம – 2990
புள்ளி – 3021
ப – 2986
ஐகாரக் குறி – 3016

ஏழு எண்கள்! இந்த எண்களைக் குறியெண்கள் என்போம்.

நான்காவது கணக்கும் உண்டு. இந்த எண்களை வட்டில் சேமிக்கும்போதும் வலையில் அனுப்பும்போதும் அவற்றைப் பைட்டுகளாக மாற்ற வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்படும் யூ.டி.எஃப்–8 என்ற முறையை 1992-ல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். அதில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். ஆகவே ‘இரும்பை’க்கு 7 × 3 = 21 பைட்டுகள்.

கண்ணுக்கு 4, விரலுக்கு 6, எடிட்டருக்கு 7, வட்டுக்கு 21. நான்கும் சரியான கணக்குகளே. ஆனால் ஒருவர் ஒரு கணக்கில் சொல்ல, இன்னொருவர் வேறு கணக்கில் புரிந்துகொண்டால்? நாழிகையில் சொன்ன நேரத்தை மணி என்று எண்ணிக்கொண்டு ரயிலுக்குப் போனவர் கதைதான்!

பாத்தி பாத்தியாகப் பார்ப்போம்

இப்போது மறுபடி மரக்காணத்துக்குப் போவோம். உப்பளத்தில் உவர்நீர் நேராக உப்பாகிவிடுவதில்லை. முதலில் தேக்கும் பாத்தி, பிறகு வெயிலில் நீரைச் சுண்டவைக்கும் பாத்திகள், கடைசியில் உப்பு விளையும் பாத்தி என்று படிப்படியாகப் போகிறது. நீரின் அடர்த்தியைப் போமே என்னும் அளவில் பார்ப்பது உப்புத் தொழிலில் வழக்கம். கடல்நீர் சுமார் 3 டிகிரி இருக்கும். ஏறக்குறைய 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். கடைசிப் பாத்தியில் உப்பு சரியாக விளையவில்லையானால் அந்தப் பாத்தியையே முறைத்துப் பார்த்துப் பயனில்லை. அதற்கு முந்தின பாத்தியில் அளக்க வேண்டும், அதற்கும் முந்தினதில் அளக்க வேண்டும். எந்த இரண்டு பாத்திகளுக்கு நடுவே அளவு தவறியதோ அங்கேதான் மடை உடைந்திருக்கும்.

கணிப்பொறியிலும் நாம் தட்டிய விசை அப்படித்தான் பல பாத்திகளைக் கடந்து வருகிறது. விசைப்பலகை, விசைகளைத் தமிழாக்கும் உள்ளீட்டு நிரல், எடிட்டர், சொல் தேடும் நிரல், கடைசியாக வடிவம் தரும் எழுத்துரு. பிழை தெரிவது திரையில். அது பிறந்த இடம் வேறாக இருக்கலாம். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் அளந்து பார்க்க வேண்டும்.

முதற்பிழை: ஊரை விழுங்கிய கணக்கு

‘எங்கள் ஊர் இரு’ என்பதைக் குறியெண்களாக எண்ணுங்கள். ‘எங்கள்’ 6, இடைவெளி 1, ‘ஊர்’ 3, இடைவெளி 1, ‘இரு’ 3. ஆக மொத்தம் 14. முன்னொட்டாகிய ‘இரு’வை அழிக்கக் கடைசி மூன்றை நீக்கினால் போதும். ஆனால் திரையில் எஞ்சியது ‘எங்கள’ மட்டும். அதாவது 5 குறியெண்கள். எனவே எடிட்டர் 14 – 5 = 9 குறியெண்களை அழித்திருக்கிறது.

இந்த 9 எங்கிருந்து வந்தது? ‘இரு’வின் பைட் கணக்கு 3 × 3 = 9! சொல் தேடும் நிரல் “ஒன்பது அழி” என்று பைட் கணக்கில் சொல்லியிருக்கிறது. எடிட்டர் அதைக் குறியெண் கணக்கென்று எடுத்துக்கொண்டது. துப்பு கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

பிழை எதிர்த்திசையிலும் நேரலாம். தேடும் நிரல் “மூன்று” என்று குறியெண் கணக்கில் சொல்ல, எடிட்டர் மூன்று பைட்டை மட்டும் அழித்தால் உகரக் குறி ஒன்றுதான் போகும். அப்போது ‘எங்கள் ஊர் இரஇரும்பை’ என்று வரும். அதிகம் அழிந்தால் ஒரு காரணம், குறைவாக அழிந்தால் அதற்கு நேர்மாறான காரணம். நோயின் குறியே நோயைச் சொல்லிவிடுகிறது.

இந்தக் குழப்பம் கற்பனை அல்ல. 1991-ல் வெளிவந்த விம் என்ற புகழ்பெற்ற எடிட்டர் ஒரு வரியில் நாம் இருக்கும் இடத்தைப் பைட் கணக்கில் சொல்கிறது. அதைவிடப் பழையதான ஈமாக்ஸ் குறியெண் கணக்கில் சொல்கிறது. எடிட்டரும் சொல் தேடும் நிரலும் பேசிக்கொள்வதற்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2016-ல் ஒரு பொது உடன்பாட்டை வெளியிட்டது. அதில் வேறொரு கணக்கு: 16 பிட் கொண்ட அலகுகள். தமிழ்க் குறியெண் அதில் ஓர் அலகுதான். ஆனால் கைப்பேசியில் நாம் அனுப்பும் சிரிப்பு முகம் இரண்டு அலகு! “எந்தக் கணக்கில் பேசலாம்?” என்று இரு பக்கமும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள 2022-ல் வந்த பதிப்பில்தான் வழி செய்தார்கள்.

திருத்தம் எளிது. எண்ணை மட்டும் அனுப்பாமல் எந்த அளவையில் எண்ணியது என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். இயற்பியல் தேர்வில் “5” என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் குறைப்பாரல்லவா? மீட்டரா, சென்டிமீட்டரா என்று அலகு எழுதச் சொல்வார். நிரலுக்கும் அதே விதிதான்.

இரண்டாம் பிழை: துண்டாகும் சொல்

இப்போது இன்னொரு நோய். ‘இர’ என்று தட்டும்வரை பெட்டி திறக்கிறது. உகரத்தைச் சேர்த்து ‘இரு’ என்றதும் பெட்டி மறைந்துவிடுகிறது. என்ன காரணம்?

முதற்படியை நினைத்துப் பாருங்கள். சொல் எங்கே தொடங்கியது என்று எடிட்டர் பின்னோக்கிப் பார்க்கிறது. ‘எழுத்து வரும்வரை சொல், எழுத்தல்லாதது வந்தால் சொல் முடிந்தது’ என்பது பல நிரல்களில் உள்ள விதி. இடைவெளி, காற்புள்ளி போன்றவை எழுத்தல்ல. இதுவரை சரி. ஆனால் யூனிகோடு முறையில் உகரக் குறியும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகுப்பில் இல்லை. அவை ‘குறி’ என்ற தனி வகுப்பில் இருக்கின்றன. ஆகவே அந்த விதியைப் பின்பற்றும் நிரல் உகரக் குறியைக் கண்டதும் “சொல் முடிந்தது” என்று நின்றுவிடுகிறது. முன்னொட்டு வெறுமையாகிவிடுகிறது. பிறகு எதைத் தேடுவது?

பைத்தான் மொழி தெரிந்தவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சொல்லெழுத்துகளைத் தேடுவதற்கு அதில் ஒரு சுருக்கக் குறி உண்டு. பைத்தான் 3-இன் பல பதிப்புகளில் ‘இரும்பை’யை அதனிடம் கொடுத்தால் ‘இர’, ‘ம’, ‘ப’ என்று மூன்று துண்டுகளாக வெட்டித் தருகிறது. ஊரின் பெயரை இப்படித் துண்டாக்கிச் சொற்பட்டியல் தயாரித்தால், அதிலிருந்து ‘இரும்பை’ எப்படிக் கிடைக்கும்?

திருத்தம்: எழுத்தைத் தொடர்ந்து வரும் குறிகளும் சொல்லின் பகுதியே என்று விதியை மாற்ற வேண்டும். யூனிகோடு அமைப்பின் சொல்லெல்லை விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன.

மூன்றாம் பிழை: புள்ளி செய்யும் குறும்பு

தமிழ் 99 தெரியாதவர்கள் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டி ஒலிப்பு வழியில் தமிழ் எழுதுகிறார்கள். அவர்கள் ‘இரும்பை’ தட்டும்போது நடுவழியில் திரையில் ‘இரும்ப்’ என்று நிற்கும். கடைசி உயிர் இன்னும் வரவில்லையல்லவா? அந்த நொடியில் பெட்டியில் ‘இரும்பை’யும் இல்லை, ‘இரும்பு’ம் இல்லை.

ஏன் இல்லை? ‘இரும்ப்’ என்பதன் குறியெண்கள் இ, ர, உகரக் குறி, ம, புள்ளி, ப, புள்ளி. ‘இரும்பை’யில் கடைசி இடத்தில் புள்ளி இல்லை, ஐகாரக் குறி இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். நம் இலக்கணப்படி ப் + ஐ = பை. மெய்தான் முதல், உயிர் வந்து சேர்கிறது. ஆகவே ‘இரும்ப்’ என்பது ‘இரும்பை’யின் தொடக்கமே. யூனிகோடு கணக்கோ தலைகீழ். அங்கே ‘ப’ முதல். அதனுடன் புள்ளியைச் சேர்த்தால்தான் ‘ப்’. இந்த அமைப்பு 1980-களில் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி என்ற முறையிலிருந்து யூனிகோடுக்கு வந்தது. தமிழ் இலக்கணம் படித்தவர் கண்ணுக்கு உடனே தெரியும் பிழை, குறியெண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

திருத்தம்: முன்னொட்டு புள்ளியில் முடிந்தால், புள்ளியோடு ஒரு முறையும் புள்ளியை நீக்கி ஒரு முறையும் தேட வேண்டும். ஆனால் எச்சரிக்கை! சில நிரல்கள் முன்னொட்டை அழிக்காமல் மிச்சத்தை மட்டும் பின்னால் ஒட்டும். இங்கே அப்படி ஒட்டினால் புள்ளி வைத்த ‘ப்’ மேல் ஐகாரக் குறி போய் உட்காரும். பிடிக்க மெய்யில்லாத அந்தக் குறியைப் பெரும்பாலான எழுத்துருக்கள் ஒரு புள்ளிவட்டத்தோடு காட்டும். ஆகவே ஒட்டக்கூடாது, பழையதை முழுதும் நீக்கிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஒரு பிழையைத் திருத்தப்போய் இன்னொன்றை உண்டாக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் திருத்துபவரின் கடமை.

நான்காம் பிழை: இரட்டையர்

மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரிப் பகுதி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் கட்டுரையில் கொக்கும் வரும். ‘கொ’ என்று தட்டுகிறீர்கள். சொற்பட்டியலில் ‘கொக்கு’ இருக்கிறது, கண்ணால் பார்த்துவிட்டீர்கள். ஆனாலும் எடிட்டர் “இல்லை” என்கிறது!

‘கொ’வை இரண்டு விதமாகப் பதியலாம் என்பதுதான் காரணம். ககரத்துடன் ஒகரக் குறி என்று ஒரே எண் (3018) சேர்க்கலாம். அல்லது எகரக் குறி (3014), துணைக்கால் (3006) என்று இரண்டு எண்களாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. எண்களை ஒப்பிடும் நிரலுக்கோ வேறு வேறு. உங்கள் உள்ளீட்டு நிரல் ஒரு விதம், பட்டியல் தயாரித்தவருடையது வேறு விதம் என்றால் இரண்டும் சந்திக்கவே மாட்டா.

இரண்டும் சமமே என்று யூனிகோடு விதி சொல்கிறது. தேடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் முறையும் அதிலேயே உண்டு. முன்னொட்டையும் பட்டியலையும் அந்த முறையில் சலித்துவிட்டுத் தேடினால் கொக்கு கிடைத்துவிடும்.

ஆனால் எல்லா இரட்டையரும் இப்படிப் பிடிபடுவதில்லை. ‘ஔவை’யின் முதலெழுத்தை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு ஏறக்குறைய அதே தோற்றம். யூனிகோடு விதிப்படி அவை சமமல்ல; இரண்டும் உண்மையிலேயே வேறு எழுத்துகள். அதைப் பிடிக்க விதி உதவாது. தமிழ் அறிந்த ஒருவர் பட்டியலைச் சரிபார்த்தால்தான் உண்டு.

ஐந்தாம் பிழை: எழுத்தின் நடுவே வெட்டு

டேப் விசையை அழுத்தினால், பொருந்தும் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தொடக்கத்தை மட்டும் நிரப்பித் தரும் எடிட்டர்களும் உண்டு. பட்டியலில் ‘உப்பு’, ‘உப்பளம்’ என்று இரண்டு சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். ‘உ’ தட்டி டேப்பை அழுத்துகிறீர்கள். குறியெண் கணக்கில் பொதுத் தொடக்கம் ‘உப்ப’. அதையே எடிட்டர் வைக்கிறது.

நீங்கள் எழுத விரும்பியது ‘உப்பு’. ஆகவே உகர விசையைத் தட்டுகிறீர்கள். வருவது ‘உப்பஉ’! கடைசியில் உள்ள ‘ப’ உள்ளீட்டு நிரல் வழியாக வந்ததல்ல; எடிட்டர் தானே வைத்தது. முன்னால் பகரம் இருப்பதை உள்ளீட்டு நிரல் பார்த்து அறிந்துகொள்ளாவிட்டால், “முன்னால் மெய் இல்லை, எனவே தனி உயிர்” என்று அது முடிவு கட்டிவிடும். பகரத்தில் உகரம் ஏறாது.

தமிழ் எழுத்துக் கணக்கில் பார்த்தால் ‘உப்பு’ = உ, ப், பு; ‘உப்பளம்’ = உ, ப், ப, ள, ம். பொதுவானவை உ, ப் ஆகிய இரண்டே. ‘உப்’ என்று மட்டும் வைத்திருந்தால் நீங்கள் ப, உ என்று தட்டி ‘உப்பு’வை ஒழுங்காக முடித்திருப்பீர்கள். ஆகவே விதி இது: தேடும்போது குறியெண்ணை வைத்துத் தேடலாம், வெட்டும்போதும் வைக்கும்போதும் முழு எழுத்தின் எல்லையில்தான் நிற்க வேண்டும்.

இந்தப் பிழைகள் ஏன் இத்தனை நாள் தங்குகின்றன?

ஐந்து பிழைகளையும் ஒருசேர நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இவற்றில் ஒன்றாவது தெரியுமா? அங்கே ஓர் எழுத்து, பெரும்பாலும் ஒரு விசை, ஒரு குறியெண், ஒரு பைட். நான்கு கணக்கும் ஒன்றே! அலகை மறந்தாலும் விடை சரியாகவே வரும். ஆகவே நிரல் எழுதியவர் ஆயிரம் முறை சோதித்திருந்தாலும் பிழை கண்ணில் பட்டிருக்காது. அவர் கவனக்குறைவானவர் என்பதல்ல. அவருடைய மொழி அவருக்கு அந்தப் பிழையைக் காட்டவில்லை.

தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டால் தொல்லை குறையுமே என்று கேட்கலாம். அப்படி ஒரு முறை இருக்கிறது. டேஸ்–16 என்பது அதன் பெயர். அதில் ‘இரும்பை’க்கு நான்கே எண்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபோது இதற்கும் இடம் கொடுத்தது. ஆனால் அது யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கென்று விட்டுவைத்த இடத்தில் அமைந்தது. உலகின் பெரும்பாலான நிரல்களுக்கு அது தெரியாது. ஆகவே நாம் அன்றாடம் பயன்படுத்துவது யூனிகோடுதான். அதற்கேற்ப நிரல்களைத் திருத்துவதே நடக்கக்கூடிய வழி.

திருத்துவது யார்? விம், ஈமாக்ஸ் போன்ற பல எடிட்டர்கள் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் பிழையைத் தெளிவாக எழுதி அனுப்பலாம். அதுவே பாதித் திருத்தம்.

“உங்கள் எடிட்டரில் தமிழ் சரியாக வரவில்லை” என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. “எங்கள் ஊர் இரு என்று தட்டினேன். இரும்பையைத் தேர்ந்தெடுத்தேன். ‘எங்கள் ஊர் இரும்பை’ என்று வரவேண்டும். ‘எங்களஇரும்பை’ என்று வருகிறது. மூன்றுக்குப் பதில் ஒன்பது குறியெண்கள் அழிகின்றன” என்று எழுதிப் பாருங்கள். உலகின் எந்த மூலையில் இருப்பவரும், தமிழே அறியாதவரும், அதைத் தம் கணிப்பொறியில் செய்து பார்த்து மடை உடைந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். தட்டியது என்ன, வரவேண்டியது என்ன, வந்தது என்ன என்ற மூன்றும் இருக்க வேண்டும். அறிவியல் சோதனைக் குறிப்பேட்டில் நீங்கள் எழுதுவதும் இதைத்தானே?

பிழை திருத்தப்பட்ட பிறகு ஒரு வேலை பாக்கி. ‘எங்கள் ஊர் இரு’ என்ற அந்த எடுத்துக்காட்டை நிரலின் சோதனைப் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்த்துவிட வேண்டும். பின்னாளில் வேறொருவர் நிரலை மாற்றும்போது பழைய பிழை திரும்பி வந்தால், சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரும்பை என்ற சிற்றூரின் பெயர் அதைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்!

செய்து பாருங்கள்

1. ‘மரக்காணம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து, எத்தனைக் குறியெண், எத்தனைப் பைட்? தமிழ் 99 முறையில் எத்தனை விசை?

2. ‘கொக்கு’ என்பதன் பைட் கணக்கு ஒருவர் கணிப்பொறியில் 18 என்றும் இன்னொருவர் கணிப்பொறியில் 21 என்றும் வருகிறது. இருவரும் சரியாகவே எண்ணினார்கள். எப்படி?

3. உங்கள் ஊர்ப் பெயரை நீங்கள் பயன்படுத்தும் எடிட்டரிலும் கைப்பேசியிலும் பாதி தட்டி, முடித்துத் தருகிறதா என்று பாருங்கள். தவறினால், மேலே சொன்ன மூன்று விவரங்களையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

விடைகள்: 1. எழுத்து 6, குறியெண் 9, பைட் 27, விசை 8 (‘க்’ மேலுள்ள புள்ளி தானே வரும், கடைசிப் புள்ளியைத் தட்ட வேண்டும்). 2. ஒருவரிடம் ‘கொ’வின் ஒகரக் குறி ஓர் எண்ணாகவும், மற்றவரிடம் இரண்டு எண்களாகவும் பதிவாகியிருக்கிறது. ஓர் எண் கூடினால் மூன்று பைட்டுகள் கூடும். 3. இதற்கான விடை உங்களிடம்தான் இருக்கிறது.